முனைவர் ஆயிட்டீங்க, சரி... என்ன கத்துக்கிட்டீங்க?

டிஸ்கி: இது மொக்கைப் பதிவு இல்லை, நீளமான பதிவு. முனைவர் பட்டம் வாங்கினவங்க, வாங்கப் போறவங்க, வாங்க வைக்கிறவங்க யாரும் ஆட்டோ அனுப்ப வேண்டாம். ஆர்.கே.பேட்டைக்கு ஆட்டோ வந்து சேர்றதுக்குள்ள நான் அடுத்த பதிவே போட்டுருவேன் :-)

நேரா மேட்டருக்கு வர்றேன். விளையாட்டு மேலாண்மையில முனைவர் பட்டம் குடுக்கறோம். குடுக்கறதுக்கு முன்னாடி என்னென்னவோ எண்ணிப் பார்க்கறோம். எத்தனை வருஷம் ஆச்சு, எத்தனை கிரெடிட் முடிச்சார், எத்தனை சதவீதம் மார்க், எத்தனை சதவீதம் காப்பி, எத்தனை பேர் கையெழுத்து. எல்லாம் எண்ணியாச்சு. "இத்தனை வருஷத்துல இந்த மனுஷன் என்ன கத்துக்கிட்டார்?" என்ற ஒரே ஒரு கேள்வியை மட்டும் நேரா கேக்கறதில்லை. கேக்கற மாதிரி ஒரு படிவம் இருக்கு. அது கேள்வி இல்லை, சடங்கு. பதிவோட சாரம் இவ்வளவுதான். அவசரக்காரங்க இப்பவே பின்னூட்டத்துக்குப் போயிடலாம். மத்தவங்க வாங்க, கொஞ்சம் நிதானமா பேசுவோம்.

உனக்கெதுக்குய்யா இந்த வேலை?

நியாயமான கேள்வி. நான் பேராசிரியர் இல்லை. நூல் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். சாயங்காலம் பசங்க கபடி ஆடினா ஓரமா நின்னு பாயிண்ட் எண்ணுறவன். ஆனா இந்த ஊர் பக்கம், அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை வரைக்கும் தறிச்சத்தம் கேக்குற வீட்டுப் பிள்ளைங்க எந்த மைதானத்துல ஆடணும், யார் சொல்லிக் குடுக்கணும், எந்தப் போட்டிக்கு எந்த பஸ்ல போகணும்னு தீர்மானிக்கிறவங்க எங்கேயோ படிச்சுட்டு வர்றாங்க. அவங்களுக்குப் பாடம் எடுக்கறவங்க முனைவர் பட்டம் வாங்கிட்டு வர்றாங்க. மேல ஊத்துற தண்ணிதான் கீழ வரும். அதனால மேல என்ன ஊத்தறாங்கன்னு கேக்க எனக்கும் உரிமை இருக்கு.

முதல்ல கொஞ்சம் வரலாறு

விளையாட்டு மேலாண்மைனு தனியா ஒரு படிப்பு வந்தது அமெரிக்காவுலதான். 1966ல ஒஹையோ பல்கலைக்கழகத்துல முதல் முதுகலைப் படிப்பு ஆரம்பிச்சாங்க. 1985ல வட அமெரிக்க விளையாட்டு மேலாண்மைச் சங்கம் வந்தது, 1987ல அந்தத் துறைக்குன்னே ஒரு ஆய்விதழ் வந்தது. டிக்கெட் விக்கிறதுல இருந்து சங்கத் தேர்தல் வரைக்கும், ஸ்டேடியம் கட்டுறதுல இருந்து அதைக் கட்டினப்புறம் பூட்டிப் போடாம வெச்சுக்கறது வரைக்கும் எல்லாம் இதுல அடக்கம்.

நம்ம பக்கம் உடற்கல்வி பழைய சங்கதி. 1920லயே சென்னையில ஹாரி க்ரோ பக் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஆரம்பிச்சிட்டார். அதே மனுஷன் 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேலாளராவும் போனார். "மேலாண்மை" படிக்காமலே மேலாளர்! அதுக்கு ரொம்ப காலம் கழிச்சு, சட்டம் போட்டு 2005ல தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் வந்தது. வண்டலூர் - கேளம்பாக்கம் ரோட்டுல மேலக்கோட்டையூர்ல இருக்கு. விளையாட்டு மேலாண்மைக்குன்னு ஒரு துறை, முனைவர் பட்டம் வரைக்கும் அங்கே உண்டு. விளையாட்டுக்குன்னு ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தை இத்தனை முன்னாடியே ஆரம்பிச்ச மாநிலம்னு நாம காலரைத் தூக்கி விட்டுக்கலாம். தப்பில்லை. காலரைத் தூக்கினப்புறம் கேள்வியும் கேக்கணும், அவ்வளவுதான். நான் சொல்லப் போறது அந்த ஒரு பல்கலைக்கழகத்தைப் பத்தி மட்டும் இல்லை. நாடு முழுக்க ஒரே விதிதான், அதனால நோயும் ஒரே நோய்தான்.

இந்தப் படிப்பு எதுக்கு வேணும்?

"விளையாட்டுக்கு எதுக்குய்யா டாக்டர் பட்டம்? ஓடினா போதாதா?"னு ஒரு கோஷ்டி கிளம்பும். அவங்களுக்கு நாலு உதாரணம்.

2012 டிசம்பர்ல சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி நம்ம ஒலிம்பிக் சங்கத்தை சஸ்பெண்ட் பண்ணிச்சு. 2014 பிப்ரவரியிலதான் எடுத்தாங்க. தேர்தலை ஒழுங்கா நடத்தத் தெரியலை.

2022 ஆகஸ்ட்ல ஃபிஃபா நம்ம கால்பந்து சம்மேளனத்தை சஸ்பெண்ட் பண்ணிச்சு. பத்துப் பன்னெண்டு நாள்ல எடுத்துட்டாங்கன்னாலும் மானம் போனது போனதுதான்.

2023 ஆகஸ்ட்ல உலக மல்யுத்த அமைப்பு நம்ம மல்யுத்த சம்மேளனத்தை சஸ்பெண்ட் பண்ணிச்சு. மறுபடி தேர்தல் தகராறு. அதுல நம்ம மல்யுத்த வீரருங்க சர்வதேசப் போட்டியில தேசியக் கொடி இல்லாம ஆடற நிலைமை.

இந்த மூணுலயும் ஓடத் தெரியாம, ஆடத் தெரியாம மாட்டிக்கலை. நிர்வகிக்கத் தெரியாம மாட்டிக்கிட்டாங்க.

நாலாவது உதாரணம் நல்ல உதாரணம். 2022ல ரஷ்யாவுல நடக்க வேண்டிய செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்துக்கு வந்தது. மார்ச்ல கைக்கு வந்தது, ஜூலை 28ல ஆரம்பிச்சாச்சு. உலகம் முழுக்க இருந்து வந்த அணிகளை அத்தனை குறைஞ்ச அவகாசத்துல தங்க வெச்சு, சாப்பாடு போட்டு, ஆட வெச்சு அனுப்பினோம். 2024 ஜனவரியில கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டை சென்னை, மதுரை, திருச்சி, கோவைனு நாலு ஊர்ல நடத்தினோம். அப்போ நமக்கு நடத்தத் தெரியுது. ஆனா எப்படி நடத்தினோம், எங்கே காசு மிச்சமாச்சு, எங்கே வீணாச்சு, அந்த அரங்கத்தையும் சாமானையும் இப்போ யார் பயன்படுத்தறாங்க, அடுத்த தடவை எதை மாத்தணும்? இதை எழுதி வைக்கிறதுக்குத்தான் ஆராய்ச்சி வேணும்.

2025ல தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் வேற வந்தாச்சு. தேசிய விளையாட்டு வாரியம், தீர்ப்பாயம், தேர்தல் குழுனு அதுல பெரிய பெரிய சமாச்சாரம் இருக்கு. இந்தச் சட்டத்தைப் படிச்சுப் புரிஞ்சு, ஒரு மாவட்டச் சங்கத்துக்கு இதனால என்ன மாறும்னு சொல்ற ஆள் வேணுமா வேணாமா? வேணும். அந்த ஆளை எங்கே தயாரிக்கறோம்? முனைவர் படிப்புலதான். அப்போ அந்தப் படிப்பு முடிச்சவருக்கு இது தெரியுமானு பார்க்கணுமா வேணாமா?

இப்போ எதை எண்றாங்க?

யூ.ஜி.சி. முனைவர் பட்டத்துக்கு 2009ல ஒரு விதி போட்டது, 2016ல ஒண்ணு, 2022 நவம்பர்ல ஒண்ணு. கடைசியா வந்ததோட சாரம் இதுதான்:

1. குறைஞ்சது 12 கிரெடிட் கோர்ஸ் ஒர்க். அதுல 55 சதவீதம் எடுக்கணும்.
2. குறைஞ்சது மூணு வருஷம்.
3. ஆறு மாசத்துக்கு ஒரு தரம் ஆய்வு ஆலோசனைக் குழு முன்னாடி நின்னு முன்னேற்றம் சொல்லணும்.
4. தீசிஸை காப்பி பார்க்கிற மென்பொருள்ல ஓட்டணும். (2018 விதிப்படி 10 சதவீதம் வரைக்கும் தண்டனை கிடையாது. 60க்கு மேல போனா பதிவே ரத்து.)
5. கைடும், வெளியில இருந்து குறைஞ்சது ரெண்டு தேர்வாளர்களும் தீசிஸை மதிப்பிடணும்.
6. ரெண்டு வெளித் தேர்வாளரும் சரின்னா பொது வைவா.

படிக்க நல்லாத்தான் இருக்கு. மோசமான விதினு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஒவ்வொண்ணையும் கொஞ்சம் சுரண்டிப் பாருங்க.

கோர்ஸ் ஒர்க் ஆரம்பத்துலயே முடிஞ்சுடுது. அது ஆரம்பத்துல என்ன தெரியும்னு சொல்லும், கடைசியில என்ன தெரியும்னு சொல்லாது. ஆறு மாசக் குழு, வேலை நடக்குதானு பார்க்குது. "டேட்டா எடுத்தாச்சா? எடுத்தாச்சு சார். சாப்டர் எழுதியாச்சா? எழுதிட்டிருக்கேன் சார்." இது முன்னேற்ற அறிக்கை, கற்றல் மதிப்பீடு இல்லை. காப்பி சதவீதம் என்ன திருடலைனு சொல்லும், என்ன தெரியும்னு சொல்லாது. கைடு தன் மாணவரைத் தானே மதிப்பிடறார். நம்ம பிள்ளைக்கு நாமளே மார்க் போடற கதை. கடைசியில வைவா... ரெண்டு தேர்வாளரும் ஏற்கெனவே சரின்னு சொன்னாத்தான் அதுவே நடக்கும். சால்வையும் ஸ்வீட் பாக்ஸும் வாங்கி வெச்சாச்சு. அந்த நேரத்துல "உங்களுக்கு இது தெரியலையே"னு சொல்ல யாருக்கு மனசு வரும்?

மிச்சம் இருக்கறது தீசிஸ் ஒண்ணுதான். அதுவே போதுமேன்னு சொல்வீங்க. ஒரு காலத்துல போதும்தான். இன்னிக்கு?

புள்ளிவிவரம் போட்டுத் தர கடை இருக்கு. டைப் அடிச்சு, "மொழியைத் திருத்தி", பைண்டிங் வரைக்கும் முடிச்சுத் தர கடை இருக்கு. இப்போ செயற்கை நுண்ணறிவு வேற வந்தாச்சு, ரெண்டு வரி கேட்டா ரெண்டு பக்கம் கக்குது. காப்பி சதவீதம் சுழியம்! காசு குடுத்து எழுதி வாங்கினதை காப்பினு எந்த மென்பொருள் சொல்லும்? புத்தகத்தைப் பார்த்து ஆளோட படிப்பை அளக்கற காலம் போயாச்சு மக்களே.

எண்ணினதால வந்த வினை

எண்ணிக்கையை நம்பினா என்ன ஆகும்னு நமக்கு முன்னனுபவமே இருக்கு. 2016 விதியில, தீசிஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஆய்விதழ்ல ஒரு கட்டுரை, கருத்தரங்குல ரெண்டு உரை கட்டாயம்னு வெச்சாங்க. நல்ல எண்ணம்தான். என்ன நடந்தது? காசு குடுத்தா போடற இதழ்கள் காளான் மாதிரி முளைச்சது. யூ.ஜி.சி. "அங்கீகரிக்கப்பட்ட இதழ்"னு ஒரு பட்டியல் போட்டது. 2018 மே மாசம் அந்தப் பட்டியல்ல இருந்து 4,305 இதழ்களைத் தானே தூக்கி வீசுச்சு. அப்புறம் கேர் பட்டியல்னு புதுசா ஒண்ணு. அதையும் 2025ல கைவிட்டாச்சு. கட்டாயக் கட்டுரையையே 2022 விதியில எடுத்தாச்சு.

எடுத்தது சரிதான், நான் கை தட்டறேன். ஆனா அந்த இடத்துல என்ன வெச்சாங்க? ஒண்ணும் வெக்கலை. கோணலான அளவுகோலைத் தூக்கிப் போட்டுட்டு, அளவுகோலே இல்லாம நிக்கறோம்.

அடுத்த கோஷ்டி: மூணு-ரெண்டு-ஒண்ணு

"யாரு சொன்னா? கற்றல் விளைவுகளை நாங்க அளக்கறோமே!"னு ஒரு குரல் கேக்குது. தெரியும் சாமி, தெரியும். நாக் கமிட்டியோட மதிப்பீட்டுல "மாணவர் செயல்பாடும் கற்றல் விளைவுகளும்"னு ஒரு தலைப்பே இருக்கு. அதுக்காக கல்லூரியில என்ன பண்றாங்கன்னு வாத்தியார் வேலை பார்க்கிற சக பதிவர்களைக் கேட்டுப் பாருங்க, கண்ணீர் விடுவாங்க.

ஒரு கட்டம் போடணும். இந்தப் பக்கம் பாடத்தோட விளைவுகள், அந்தப் பக்கம் படிப்போட விளைவுகள். குறுக்கே 3, 2, 1னு நம்பர். மூணுன்னா நல்லா பொருந்துது, ஒண்ணுன்னா லேசா பொருந்துது. எல்லாத்தையும் கூட்டிச் சராசரி எடுத்தா "அடைவு 2.4"னு வரும். இலக்கு 2.0. ஆகா, இலக்கைத் தாண்டியாச்சு! ஒவ்வொரு விளைவையும் "பகுத்தாய்வார்", "மதிப்பிடுவார்", "உருவாக்குவார்"னு வினைச்சொல் பட்டியலைப் பார்த்து எழுதணும். 1956ல பெஞ்சமின் ப்ளூம் குழு போட்டுக் குடுத்த படிநிலை, பாவம், நம்ம ஊர்ல வந்து வினைச்சொல் கடையாப் போச்சு.

இளங்கலையில அறுபது பேர் இருக்கற வகுப்புக்கே இது சந்தேகம். முனைவர் படிப்புல சுத்தமா வேலைக்கு ஆகாது. ஏன்னு சொல்றேன். ஒரு துறையில ஒரு வருஷத்துக்கு எத்தனை பேர் முடிப்பாங்க? மூணு பேர்? நாலு பேர்? ஒரு பேராசிரியர் ஒரு நேரத்துல எட்டுப் பேருக்கு மேல வெச்சுக்கவே கூடாதுனு விதி. மூணு பேருக்குச் சராசரி போட்டு நான் என்ன செய்யட்டும்? ஒருத்தர் பிரமாதம், ஒருத்தர் பரவாயில்லை, ஒருத்தருக்கு ஒண்ணும் தெரியாது. சராசரி "நன்று"! அந்த ஒண்ணும் தெரியாதவர் நாளைக்கு ஒரு கல்லூரிக்கு வாத்தியாரா போவார், சராசரி போகாது.

இன்னொண்ணு. பாதியில விட்டுட்டுப் போனவங்க இந்தக் கட்டத்துல எங்கேயும் வர மாட்டாங்க. நாலு வருஷம் போராடி, கைடு மாறி, வீட்டு நிலைமையால நின்னுபோனவர் என்ன கத்துக்கிட்டார், ஏன் போனார்? கேட்டாத்தான் படிப்போட ஓட்டை தெரியும். முடிச்சவங்களை மட்டும் எண்ணினா எல்லாப் படிப்பும் நூத்துக்கு நூறுதான்.

சரி, எப்படித்தான் அளக்கணும்?

குறை மட்டும் சொல்லிட்டு ஓடற ஆள் நான் இல்லை. எங்க ஊர்ல பாவும் ஊடையும் குடுத்து, நெய்ஞ்ச துணியை வாங்குறவர் என்ன பண்ணுவார்? "எத்தனை மணி நேரம் தறியில உக்காந்த?"னு கேக்க மாட்டார். துணியை விரிச்சு வெளிச்சத்துல பிடிப்பார். இழை விட்டிருக்கா, அகலம் குறைஞ்சிருக்கா, கரை நேரா இருக்கா. எதைப் பார்ப்பார்னு நெசவாளிக்கும் முன்னாடியே தெரியும். அதுல ரகசியம் கிடையாது. இந்த ரெண்டும்தான் முக்கியம்: நேரா பாரு, எதைப் பார்க்கப் போறன்னு முன்னாடியே சொல்லு.

வெளிநாட்டுல இதைப் பத்தி யோசிச்சிருக்காங்க. பார்பரா லோவிட்ஸ்னு ஒரு அம்மா, பல துறைப் பேராசிரியர்களை உக்கார வெச்சு "நல்ல தீசிஸ்னா என்ன? சுமாரான தீசிஸ்னா என்ன? ஏத்துக்கவே முடியாததுன்னா என்ன?"னு கேட்டு, அதை எழுத்துல கொண்டுவந்து 2007ல புத்தகமாப் போட்டாங்க. அவங்க வாதம் எளிமை: வாத்தியார் மண்டைக்குள்ள இருக்கற அளவுகோலை மாணவர் கையில குடு. அமெரிக்காவுல விளையாட்டு மேலாண்மைப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தர்றதுக்குன்னே 2008ல ஒரு ஆணையம் வந்தது. மாணவர் என்ன கத்துக்கிட்டாங்கன்னு எப்படி அளக்கறீங்க, அந்த முடிவை வெச்சு எதை மாத்தினீங்கன்னு காட்டச் சொல்றாங்க. அந்த ரெண்டாவது பாதிதான் நமக்குப் பாடம். அளந்து கோப்புல வெக்கறதுக்கு அளக்காமலே இருக்கலாம்.

"படிப்பு திருப்தியா இருந்ததா?"னு கேள்வித்தாள் குடுக்கறது சுத்தி வளைச்ச அளவு. செய்ய வெச்சுப் பார்க்கிறதுதான் நேரடி அளவு. விளையாட்டு மேலாண்மை முனைவருக்கு என் கணக்குல அஞ்சு சோதனை போதும்.

ஒண்ணு, கேள்வி கேக்கத் தெரியுதா? "உடற்கல்வி ஆசிரியர்களின் பணித் திருப்தி"னு அஞ்சு கட்டக் கேள்வித்தாள் குடுத்து, 0.05 மட்டத்துல வேறுபாடு இருக்குன்னு முடிக்கறது கேள்வி இல்லை, பழக்கம். இதைப் பாருங்க: முதலமைச்சர் கோப்பை மாவட்டப் போட்டிக்கு ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு பக்கத்துல இருந்து எத்தனை பிள்ளைங்க ஆன்லைன்ல பதிவு பண்ணினாங்க, எத்தனை பேர் உண்மையில மைதானத்துக்கு வந்தாங்க, வராதவங்க ஏன் வரலை? பஸ்ஸா, ஷூவா, அன்னிக்குத் தறியில ஆள் வேணும்னு வீட்டுல நிறுத்திட்டாங்களா, பொண்ணைத் தனியா அனுப்பப் பயமா? இது மேலாண்மைக் கேள்வி. இதுக்குப் பதில் கண்டுபிடிச்சா ஒரு பிள்ளையாவது மைதானத்துக்கு வரும்.

ரெண்டு, கணக்குப் போடத் தெரியுதா? தன்னோட தரவை விட்டுடுங்க. முன்பின் பார்க்காத ஒரு தரவைக் குடுத்து, ஒரு நாள் அவகாசம் குடுத்து, "இதுல இருந்து என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது?"னு குழு முன்னாடி பேசச் சொல்லுங்க. கடையில வாங்கின புள்ளிவிவரம் அங்கேயே பல்லிளிக்கும்.

மூணு, காகிதம் படிக்கத் தெரியுதா? ஒரு விளையாட்டுச் சங்கத்தோட வரவு செலவு அறிக்கையையும், அதோட விதிமுறைகளையும், 2025 சட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, எங்கே இடிக்குதுன்னு எழுதச் சொல்லுங்க.

நாலு, சொல்லிக் குடுக்கத் தெரியுதா? எல்லா ஆய்வு மாணவரும் கற்பித்தல்ல பயிற்சி எடுக்கணும்னு 2022 விதியே சொல்லுது. அதை அப்படியே விட்டுடாம, எம்.பி.ஏ. பசங்க முன்னாடி மூணு வகுப்பு எடுக்க வெச்சு, பின்னாடி கைடு அல்லாத ரெண்டு பேர் உக்காந்து பார்க்கட்டும்.

அஞ்சு, தமிழ்ல சொல்லத் தெரியுதா? தன் ஆராய்ச்சியில கண்டுபிடிச்சதை ஒரு கிராமத்து உடற்கல்வி ஆசிரியருக்கும் ஒரு மாவட்ட விளையாட்டு அலுவலருக்கும் புரியற மாதிரி ரெண்டே பக்கத்துல எழுதணும். அதை அந்த ரெண்டு பேர்கிட்டயே குடுத்து "இதுல உங்களுக்கு உபயோகமா ஏதாவது இருக்கா?"னு கேக்கணும். தீசிஸ்லயே கஷ்டமான அத்தியாயம் இதுவாத்தான் இருக்கும், பந்தயம் கட்டறேன்.

இதை ஆரம்பத்துல ஒரு தரம், நடுவுல ஒரு தரம், கடைசியில ஒரு தரம் வெக்கணும். அப்போதான் எங்கே இருந்தார், எங்கே வந்தார்னு தெரியும். "கற்றல்"னா அந்த வித்தியாசம்தானே? ஒவ்வொண்ணுக்கும் தேறினது எது, தேறாதது எதுன்னு நாலு வரியில முன்னாடியே எழுதிக் கையில குடுத்துடணும். மார்க் போடறவர் கைடா இருக்கக் கூடாது.

வரப்போற கல்லடிக்கு முன்கூட்டியே பதில்

"ஆராய்ச்சி ஒரு படைப்பு. அதைக் கட்டத்துல அடைக்காதே." ஒத்துக்கறேன், படைப்பை அடைக்க வேண்டாம். ஆனா சங்கீதக்காரர் கூட முதல்ல சுருதி சேர்த்துக் காட்டித்தான் ஆகணும். நான் கேக்கறது சுருதி. கச்சேரியை நீங்க எப்படி வேணா பாடுங்க.

"ஏற்கெனவே படிவம் நிரப்பியே சாகறோம், இது வேறயா?" அதனாலதான் சொல்றேன். அந்த மூணு-ரெண்டு-ஒண்ணு கட்டத்தைத் தூக்கிட்டு இதை வைங்க. மூணு பேர் படிக்கிற இடத்துல, வருஷத்துக்கு அஞ்சாறு நாள் உக்காந்தா முடிஞ்சுது. கட்டம் வரையற நேரத்தை விடக் குறைச்சல்.

"ஒவ்வொரு மாணவரையும் கைடுக்குத் தெரியும்." தெரியட்டும். ரெண்டாவது ஆளுக்கும் தெரியட்டும். நல்ல கைடுக்கு இதுல பயம் எதுக்கு?

"பகுதி நேரமாப் படிக்கிறவங்க பாவம்." இந்த வாதம் உண்மையிலயே என்னை யோசிக்க வைக்குது. பகல்ல ஸ்கூல்ல விசில் ஊதிட்டு, ராத்திரி தீசிஸ் எழுதறவங்க நிறைய பேர். எங்க பக்கத்துல இருந்து மேலக்கோட்டையூர் போகணும்னா திருத்தணி போய் மின்சார ரயில் பிடிச்சு, சென்னையில மாறி, வண்டலூர்ல இறங்கி, திரும்ப பஸ். நாள் முழுசும் போயிடும். ஆனா பாருங்க, என்னோட அஞ்சு சோதனையில அவங்களுக்குத்தான் ஆதாயம் அதிகம். மைதானத்துல பதினஞ்சு வருஷம் நின்னவருக்கு முதல் கேள்வியும் அஞ்சாவது கேள்வியும் அல்வா. இன்னிக்கு அவரோட அந்த அறிவுக்கு எங்கேயும் மார்க் இல்லை. கேள்வித்தாளும் டி-டெஸ்ட்டும் பண்ணினாத்தான் மார்க். அவர் கடை தேடிப் போறதே அதனாலதான்.

"நெட் பாஸ் பண்ணினாலே உதவிப் பேராசிரியர் ஆகலாமே, முனைவர் பட்டம் கட்டாயம் இல்லையே?" உண்மை. 2023 ஜூலையில இருந்து அந்த வேலைக்கு நெட், செட், ஸ்லெட் குறைஞ்சபட்சம், முனைவர் பட்டம் விருப்பம்னு ஆக்கிட்டாங்க. என்னைக் கேட்டா இதுதான் சரியான நேரம். வேலைக்கான டிக்கெட்டா இருந்த வரைக்கும் கூட்டம் முட்டிச்சு, யாரையும் நிறுத்திக் கேள்வி கேக்க முடியலை. இனிமே நிஜமா கத்துக்க வர்றவங்க வரட்டும், நிஜமா சோதிச்சு அனுப்பலாம்.

யார் தலையில விடியுது?

கடைசியா, பணயம் என்னன்னு சொல்லிடறேன். முனைவருக்கு ஒண்ணும் நஷ்டமில்லை, பேருக்கு முன்னாடி ரெண்டெழுத்து கூடிடும். பல்கலைக்கழகத்துக்கும் நஷ்டமில்லை, எண்ணிக்கை கூடிடும். நஷ்டம் கீழ இருக்கறவங்களுக்கு. அந்த முனைவர் சொல்லிக் குடுத்த உடற்கல்வி மாணவர் நாளைக்கு ஏதோ ஒரு அரசுப் பள்ளிக்கு வர்றார். மைதானம் இருக்கு, பந்து இல்லை. பந்து இருக்கு, பீரியட் இல்லை, கணக்கு வாத்தியார் வாங்கிட்டார். இருக்கற காசை எப்படிப் பங்கு போடறது, ஊர்ப் பெரியவங்களை எப்படிச் சேர்க்கறது, எட்டாவதோட விளையாட்டை நிறுத்தற பொண்ணை எப்படி நிறுத்த விடாம பார்த்துக்கறது? அவருக்கு யாரும் சொல்லிக் குடுக்கலை. சொல்லிக் குடுக்க வேண்டியவருக்கே தெரியுமானு யாரும் பார்க்கலை.

நம்மால என்ன முடியும்னு கேட்டீங்கன்னா, ரெண்டு விஷயம் இன்னிக்கே முடியும். ஷோத்கங்கா தளத்துல தீசிஸ் எல்லாம் இலவசமா கிடக்கு. விளையாட்டு மேலாண்மையில ஒண்ணை எடுத்துக் கடைசி அத்தியாயத்தை மட்டும் படிங்க. "இதனால யார், எதை, எப்படி மாத்திச் செய்யணும்?"னு அதுல பதில் இருக்கானு பாருங்க. இருந்தா அதைப் பத்தி ஒரு பதிவு போடுங்க, நல்லா செஞ்சவரைப் பாராட்டாம விடக் கூடாது. ரெண்டாவது, வைவா பொதுவுல நடக்கணும்னுதான் விதி. துறை ஆட்கள், ஆய்வு மாணவர்கள், ஆர்வமுள்ள ஆய்வாளர்கள் எல்லாரும் வரலாம். நம்ம பதிவர்கள்ல ஆய்வு மாணவர்கள் நிறைய பேர் இருக்கீங்க. அடுத்த வைவாவுக்குப் போங்க. ஸ்வீட் வர்றதுக்கு முன்னாடி, மரியாதையா, கையைத் தூக்கி ஒரே ஒரு கேள்வி கேளுங்க:

"அய்யா, இந்த ஆராய்ச்சிக்கு முன்னாடி உங்களுக்குத் தெரியாம இருந்து, இப்போ தெரிஞ்ச ஒரு விஷயம் சொல்லுங்க."

நல்லா படிச்சவர் அரை மணி நேரம் பேசுவார். அவருக்குக் கை தட்டிட்டு வாங்க. மத்தவங்க என்ன சொன்னாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க, கும்மி அடிக்க நான் ரெடி.

பி.கு: "நீ முதல்ல ஒரு பிஹெச்.டி. வாங்கிட்டு வந்து பேசு"னு சொல்லப் போற அன்பருக்கு: சமைக்கத் தெரிஞ்சாத்தான் உப்பு கூடனு சொல்லணுமா அண்ணே? :-)